ஹோமாய் வியாரவாலாவின் புகைப்படங்கள்

இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர் என்று போற்றப்பெறும் ஹோமாய் வியாரவாலா (1913–2012) என்னும் பார்ஸி மாது, 1930-களின் இறுதி தொடங்கி 1970 வரை பம்பாயிலும் டில்லியிலும் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள், சென்ற நூற்றாண்டின் இந்திய வாழ்க்கையை அறிய விரும்புவோருக்குக் கிடைத்துள்ள சிறந்த சாதனங்களுள் ஒன்றாகும். பெயரறியாச் சாமானியரின் அன்றாட வாழ்வும், தேசத்தை நடத்திச் சென்ற பிரமுகர்களின் பிரசித்தமான தருணங்களும் அவருடைய தொகுப்பில் அருகருகே இருக்கின்றன. முன்னவற்றை எடுத்துப் பழகிய கண்ணைக் கொண்டே அவர் பின்னவற்றையும் எடுத்தார் என்பது இப்படங்களைத் தொடர்ந்து பார்ப்போருக்கு எளிதில் விளங்கும்.

குஜராத்திலுள்ள நவ்ஸாரியில் 1913 டிசம்பர் 9-ஆம் நாள் பிறந்த ஹோமாய், ஊர் ஊராகச் சென்று நடித்துவந்த பார்ஸி நாடகக் குழுவொன்றின் நடிகருக்கு மகளாவார். பம்பாயில் வளர்ந்து, ஸர் ஜே. ஜே. கலைப் பள்ளியில் பயின்றார். பின்னாளில் அவரை மணந்துகொண்ட மானெக்ஷா வியாரவாலாவே புகைப்படக் கலையில் அவருக்கு ஆசானாகவும் அமைந்தார். கலைப் பள்ளியில் உடன் பயின்ற பெண்கள், அவர்கள் உடுத்திய சேலை, பம்பாய்த் தெருக்கள், மாதர் சங்கத்தார் சென்ற உல்லாசப் பயணம் ஆகியவையே தொடக்கத்தில் அவருக்குப் பொருளாயின. உல்லாசப் பயணப் படங்களை ‘பம்பாய் கிரானிகிள்’ பத்திரிகை ஒரு படத்துக்கு ஒரு ரூபாய் விகிதம் கொடுத்துப் பிரசுரித்தது. பெண்ணொருத்தி எடுத்த படங்கள் என்றால் பத்திரிகை உலகில் மதிப்பிராது என்ற நிலைமை அந்நாளில் நிலவியதால், அவருடைய ஆரம்பகாலப் படங்கள் பல கணவரின் பெயரிலேயே வெளிவந்தன. ‘இல்லஸ்ட்ரேடட் வீக்லி ஆஃப் இந்தியா’ அவருடைய படங்களைத் தொடர்ந்து வெளியிடத் தொடங்கிய பிறகே அவருடைய திறமை பரவலாக அறியப்பட்டது.

1942-இல் பிரிட்டிஷ் தகவல் இலாகாவில் வேலை கிடைத்துத் தம்பதியர் டில்லியில் குடியேறினர். அதற்குப் பிந்திய சுமார் முப்பது ஆண்டுகளில் தலைநகரில் நடந்த முக்கியமான வைபவங்கள் பலவற்றில், கனத்த காமிராவையும் அதன் உபகரணங்களையும் தோளில் சுமந்து, சேலையுடுத்திய ஒரு பெண்மணி ஆண்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். 1947 ஜூன் மாதத்தில் பிரிவினைத் தீர்மானத்துக்கு ஆதரவாகக் காங்கிரஸ் பிரதிநிதிகள் கைதூக்கிய காட்சி, ஆகஸ்டில் செங்கோட்டையில் ஏற்றப்பெற்ற தேசியக் கொடி, மவுன்ட்பேட்டன் பிரபு விடைபெற்றுச் சென்றது, காந்தியடிகளின் இறுதி யாத்திரை ஆகிய யாவும் அவர் காமிராவில் பதிவாயின. காந்தியடிகள் சுடப்பட்ட அன்று மாலைப் பிரார்த்தனைக் கூட்டத்துக்கு அவர் புறப்பட்டும், இடையில் திரும்ப நேர்ந்தது. அங்கே இல்லாமற் போனோமே என்ற வருத்தம் அவருக்கு ஆயுள் முழுவதும் இருந்தது. 1956-இல் தலாய் லாமா நாதூ லா கணவாயின் வழியே முதன்முறையாக இந்தியாவுக்கு வந்தபோது, ‘லைஃப்’ பத்திரிகைக்காக அவர் ஸிக்கிம் வரை சென்று படமெடுத்தார்.

அவர் பிறந்தது 1913. கணவரை முதன்முதலில் சந்தித்தது 13-ஆம் வயதில். டில்லியில் வாங்கிய முதல் மோட்டார் வண்டியின் எண்ணோ டி.எல்.டி. 13. இம்மூன்றும் ஒன்றுகூடியதைக் கண்டு, ‘டால்டா 13’ என்பதைத் தம் புனைபெயராக வைத்துக்கொண்டார்.

அவர் கையாண்ட யந்திரங்களின் இயல்பை அறிந்தாலன்றி இப்படங்களின் அருமை முற்றும் புலப்படாது. ஸ்பீடு கிராஃபிக் என்னும் பெரிய காமிராவில், ஒரு சட்டத்துக்கு இரண்டு ஃபிலிம் தகடுகளே இருக்கும். ஒரு படம் எடுத்தவுடன் சட்டத்தைத் திருப்பிப் போட்டு, ஒரே முறை எரிந்து அணைந்துவிடும் ஃபிளாஷ் பல்பையும் சூட்டோடு கழற்றிப் புதியது மாட்டியாக வேண்டும். ரோலிஃப்ளெக்ஸ் என்னும் காமிராவில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்கள் கிடைக்கும்; ஆனால் வயிற்றருகே பிடித்துக்கொண்டு குனிந்து பார்க்கவேண்டிய அதன் கண்ணாடியில் காட்சி இடம் வலமாக மாறித் தெரிவதால், நடந்து செல்பவரைப் பின்தொடர்வதற்கு மிகுந்த பயிற்சி வேண்டும். ஆகவே, எந்த நொடியில் விசையை அழுத்துவது என்பதை முன்கூட்டியே தீர்மானித்து, அதுவரை பொறுத்திருப்பதே அக்காலத்துக் கலைஞரின் முதல் தகுதியாக இருந்தது.

அப்பொறுமையின் பயனை நேருவின் படங்களில் காணலாம். பாலம் விமான நிலையத்தில் தம் சகோதரி விஜயலக்ஷ்மி பண்டிட்டை எதிர்பார்த்து நிற்கும் பிரதம மந்திரியின் பக்கத்திலேயே, புகைப்படம் எடுத்தல் கண்டிப்பாகத் தடுக்கப்பட்டுள்ளது என்று அறிவிக்கும் பலகையும் நிற்கிறது. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. சகோதரி வந்திறங்கியதும் இருவரும் தழுவிக்கொள்ளும் படமும் இருக்கிறது. விமானத்தில் பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரின் மனைவிக்கு, தம் உதட்டில் ஒரு சிகரெட் இருக்க, நேரு தீ பற்றவைத்துக் கொடுக்கும் மற்றொரு படம், வேறொருவர் கையில் அகப்பட்டிருந்தால் வம்புக்கே பயன்பட்டிருக்கும். ஹோமாயின் படத்திலோ விருந்தோம்பும் ஒரு மனிதரின் சகஜமான உபசாரமே நம் கண்ணில் படுகிறது. ஒருவர் உண்ணும்போதோ, இழிவாகத் தோன்றும் வேறு நிலையிலோ படமெடுக்கலாகாது என்பது அவருடைய நியமம். இக்காலத்தார் சிலர் இதை அதிகாரத்துக்குக் காட்டிய பணிவென்று கருதக்கூடும்; அது சரியன்று. உடன் பயின்ற பெண்களைப் படமெடுத்தபோதும் அவர் கடைப்பிடித்த கண்ணியம் இதுவேயாகும். இந்நியமத்தை அவர் மீறமாட்டார் என்ற நம்பிக்கை இருந்ததனாலேயே தலைவர்கள் அவர் முன்னிலையில் தம் முகபாவத்தைச் சீர்ப்படுத்திக்கொள்ளாமல் இருந்தனர்.

கணவர் 1969-இல் காலமானார். பாதுகாப்பு வளையங்கள் பெருகித் தலைவர்களை அண்ட முடியாதபடி ஆயிற்று. புதிதாக வந்த புகைப்படக்காரர்களின் நடத்தையிலும் அவருக்கு வெறுப்புண்டாயிற்று. 1970-இல் தொழிலை விட்டவர் பிறகு காமிராவைத் தொடவே இல்லை. பிலானியில் சில காலமும், பின்னர் பரோடாவில் நெடுங்காலமும் வசித்து, 2012 ஜனவரி 15-ஆம் நாள் அந்நகரிலேயே மறைந்தார். அதற்கு முந்திய ஆண்டில் அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கப்பெற்றது.

அவருடைய படத்தொகுப்பு டில்லியிலுள்ள அல்காஜி கலை அறக்கட்டளையின் பராமரிப்பில் இருக்கிறது. 2010-இல் தேசிய நவீன கலைக்கூடத்தில் பெரிய கண்காட்சியொன்று நடைபெற்றது. இத்தகைய படங்களில், எடுக்கப்பட்ட காலத்திலேயே அச்சிட்ட பிரதிக்கும் பிற்காலத்தில் அதே நெகட்டிவிலிருந்து அச்சிட்ட பிரதிக்கும் வேற்றுமை உண்டு. பழைய பிரதியைச் சாய்த்துப் பிடித்தால், ஓரங்களில் கறுப்பு அடர்ந்த பகுதிகளின் மேல் வெள்ளி படிந்து நீலச்சாயலாக மினுங்குவது சில வேளைகளில் தெரியும். ஈரமும் காற்றிலுள்ள மாசும் பட்டுக் காகிதத்திலுள்ள வெள்ளி மேற்பரப்புக்கு வந்துவிடுவதே இதற்குக் காரணம். ஹைப்போ என்னும் ரசாயனத்தை முற்றும் கழுவிப் போக்காத பிரதிகளோ நாளடைவில் மஞ்சளித்து மங்கிவிடும். ஈரம் மிகுந்த நம் தேசத்தில் இவ்விரு கேடுகளும் விரைந்து நேர்வதால், அமிலம் கலவாத காகித உறைகளில் தனித்தனியே இட்டு, குளிர்ந்து உலர்ந்த அறையில் பிரதிகளையும் நெகட்டிவ்களையும் வைத்துக் காப்பது வழக்கம்.