கைக்கெட்டும் தொலைவு: பெருநகரில் குழந்தை வளர்ப்பின் நன்மைகள், சென்னையை முன்வைத்து

பெருநகரம் குழந்தைக்குத் தரும் முதன்மையான நன்மை அருகாமை. மருத்துவமனை, நூலகம், விளையாட்டுத் திடல், ஒரு கலையில் தேர்ந்த ஆசிரியர், அதே கலையில் ஆர்வம் கொண்ட வேறு பிள்ளைகள் என ஒரு குழந்தையின் வளர்ச்சிக்கு வேண்டிய பலவும் நடந்தோ ஒரு பேருந்து ஏறியோ அடையக்கூடிய தொலைவில் அமைகின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது சென்னை மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 26,000-க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். தமிழ்நாடு முழுமைக்கும் அந்த எண் 555. நெரிசல் என்று பழிக்கப்படும் இந்த அடர்த்தியே அருகாமைக்கும் அடிப்படை. எனினும் அடர்த்தி மட்டும் போதாது. பொது நிறுவனங்கள் இருந்தால்தான் அது குழந்தைக்குப் பயன்படும். தவறான கொள்கை முடிவுகளால் அந்தப் பயன் பறிபோகவும் கூடும். சென்னையின் வரலாறு இரண்டுக்கும் சான்று தருகிறது.

நகரம் குழந்தைகளுக்கு உகந்ததன்று என்னும் கருத்து பழையது. 1762இல் வெளிவந்த தம் ‘எமீல்’ நூலில் ரூசோ, தம் கற்பனை மாணவனை நகரத்திலிருந்து விலக்கி நாட்டுப்புறத்திலேயே வளர்த்தார். அன்றைய ஐரோப்பிய நிலையில் அதற்கு வலுவான காரணம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் லண்டன், மான்செஸ்டர் போன்ற நகரங்களில் குழந்தை இறப்பு கிராமப்புறங்களைவிட மிகுதி. மாசுபட்ட குடிநீரும் கழிவு தேங்கிய தெருக்களும் பச்சிளங் குழந்தைகளைக் கொன்றன. அந்த நிலையை மாற்றியவை வடிகட்டிய குடிநீர், கழிவுநீர்க் குழாய், தடுப்பூசி, பால் கலப்படத் தடுப்பு போன்ற நகராட்சிப் பணிகள். சென்னையில் 1914இல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் தொடங்கியது இந்த வரிசையில் சேர்வது.

உணவிலும் இதே நிலைதான். 1920இல் பிட்டி தியாகராயரின் தலைமையில் சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மாணவர்க்கு மதிய உணவு வழங்கத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவிட ஒப்புதல் தரப்பட்டது. பசியோடு வரும் பிள்ளை படிக்காது, சில நாளில் வராமலேயே நின்றுவிடும் என்பதைப் பள்ளி நடத்துவோர் கண்கூடாகக் கண்டிருந்தனர். ஊர் முழுதும் பசி இருந்தபோது இந்த முயற்சி ஏன் மாநகராட்சியில் தொடங்கியது? தனக்கென வரி வருவாய், சொந்தப் பள்ளிகள், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இடம் நகரமே. காமராசர் காலத்தில் 1956இல் மாநில அளவில் விரிந்த மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவும், 2022இல் தொடங்கிய காலை உணவும் அந்த நகரத் தீர்மானத்தின் வழி வந்தவை. நகரம் தன் பிள்ளைகளுக்குச் செய்தது பிறகு சிற்றூர்ப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. நகரத்தின் நன்மைகளைக் கணக்கிடுவோர் இதனை விட்டுவிடுவது வழக்கம்.

அருகாமை செயற்படும் விதத்தை எழும்பூரில் தெளிவாகக் காணலாம். 1844இல் பிரசவ மருத்துவமனையாகத் தொடங்கி இன்று மகப்பேறு நிலையமாக விளங்கும் அரசு மருத்துவமனை, குழந்தைகளுக்கென்றே உள்ள அரசு மருத்துவமனை, 1851இல் நிறுவப்பட்ட அருங்காட்சியகம், 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் ஆகிய நான்கும் அங்கு நடை தூரத்துக்குள் உள்ளன. ஆயிரக்கணக்கான குழந்தைகளில் ஒன்றுக்கு மட்டுமே வரும் இதயக் குறைபாட்டுக்கோ இரத்த நோய்க்கோ தனி மருத்துவர் ஒருவர் பணியாற்ற வேண்டுமானால், அவரை நாடி வர இலட்சக்கணக்கான குழந்தைகள் சுற்றிலும் வாழ வேண்டும். காது கேளாத குழந்தைக்கும் பார்வையற்ற குழந்தைக்கும் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கும் சிறப்புப் பள்ளிகள் நகரங்களில் முதலில் தோன்றியதும் இக்காரணத்தால்தான். பொதுவான தேவைகளைச் சிற்றூரும் நிறைவேற்றலாம். அரிய தேவையுள்ள குழந்தைக்கு நகரத்துக்கு ஈடு இல்லை. தொலைதூர மாவட்டங்களிலிருந்து குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு விடியற்காலை ரயிலில் எழும்பூரில் இறங்கும் தாய்மார்கள் அதனை நன்கு அறிவர். சென்னைக் குழந்தைக்கு ஒரு காலைப் பொழுதில் முடிவது அவர்களுக்குப் பல நாள் கூலியையும் ஓர் இரவுப் பயணத்தையும் விழுங்குகிறது.

நூலகத்தின் நிலையும் ஏறத்தாழ இதுவே. கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், செயற்கை மரமொன்றை நடுவில் கொண்ட தனிச் சிறுவர் பகுதி உண்டு. மறு ஆண்டே அக்கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப் போவதாக அன்றைய அரசு அறிவித்தது. உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. மருத்துவமனையும் நூலகமும் ஒன்றுக்கொன்று மாற்று என்று கருதியது பிழை. ஒரு பெருநகரம் இரண்டையும் வைத்திருக்க வல்லது என்பதே அதன் சிறப்பு.

நிறுவனங்களைவிடவும் ஆழமானது, ஒத்த ஆர்வமுள்ளவர்களின் சேர்க்கை. இதற்குச் சதுரங்கத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன், 1970களில் சென்னையின் சோவியத் பண்பாட்டு மையத்தில் இயங்கிய தால் சதுரங்கக் கழகத்துக்கு உயிர்நாடியாக விளங்கினார். வீட்டில் தாயிடம் ஆட்டத்தைக் கற்ற விசுவநாதன் ஆனந்த் அங்கே போய்த் தம்மைவிட மூத்தவர்களோடு விரைவாட்டம் ஆடிப் பழகினார். 1988இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டரானார். அவர் வெற்றி பெற்றதும் பயிற்சியகங்கள் பெருகின, பயிற்சி தருவோர் பெருகினர், வார இறுதிப் போட்டிகள் பெருகின, பள்ளிகள் ஆட்டக்காரர்களுக்கு விடுப்பு தரவும் பழகின. 2013இல் ஆனந்தும் கார்ல்சனும் உலகப் பட்டத்துக்காகச் சென்னையில் மோதினர். அந்த ஆண்டில்தான் சதுரங்கம் கற்கத் தொடங்கியிருந்த ஏழு வயதுச் சிறுவர் குகேஷ் பார்வையாளராக அங்கே இருந்தார். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் அதே பட்டத்தை அவர் வென்றபோது வயது 18. அவருக்குச் சற்று மூத்த பிரக்ஞானந்தாவும், அவருடைய அக்கா வைஷாலியும் அதே நகரத்தில் வளர்ந்த கிராண்ட்மாஸ்டர்கள். தனி மனிதரின் திறமையை இவ்விளக்கம் குறைத்துவிடாது. ஆனால் வாரந்தோறும் தன்னைத் தோற்கடிக்கக்கூடிய எதிராளி பக்கத்துத் தெருவில் கிடைப்பது திறமை வளரத் தேவை. அது தனித்து வாழும் குழந்தைக்குக் கிடைப்பதில்லை.

இது வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டியதில்லை. வடசென்னையில் காரம் பலகை அந்த வேலையைச் செய்கிறது. மன்றங்களிலும் தெருமுனைகளிலும் ஆடிப் பழகும் மரபு அங்கு வலுவானது. சென்னை ஆட்டக்காரரான மரிய இருதயம் உலகப் பட்டம் வென்று, காரம் விளையாட்டுக்கான முதல் அர்ச்சுனா விருதை 1996இல் பெற்றார். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா, வடசென்னையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள். வியாசர்பாடியின் கால்பந்துக்கும் இதே வேர்தான்.

அடுத்த நன்மை அந்நியரோடு பழகுதல். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், கிராமத்தை அறியாமையும் குறுகிய மனமும் குடிகொண்ட இடமாகக் கண்டார். தென்மாவட்டப் பள்ளிகள் சிலவற்றில் மாணவர் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டியதும், அதைத் தடுக்கக் கல்வித்துறை 2019இல் சுற்றறிக்கை விட நேர்ந்ததும் அவர் கூற்று காலாவதியாகவில்லை என்பதைக் காட்டுகின்றன. பெருநகரில் பக்கத்து இருக்கைப் பிள்ளையின் குலம் எது என்று தெரியாமலே நட்பு தொடங்கிவிடுகிறது. தெலுங்கு, உருது, மலையாளம், இந்தி பேசும் வீடுகள் ஒரே தெருவில் இருப்பதால் மொழி வேறுபாடு குழந்தைக்கு அச்சமூட்டுவதில்லை. சாதி நகரத்தில் ஒழிந்துவிட்டதாக இதற்குப் பொருளில்லை. வாடகைக்கு வீடு தேடிச் செல்வோரிடம் சாதியும் மதமும் உணவும் கேட்கப்படுவது சென்னையில் இன்றும் உண்டு. ஆயினும் வீட்டுக்காரர் கேட்கும் கேள்வியைப் பேருந்தின் சன்னலோர இருக்கையும் கடற்கரை மணலும் கேட்பதில்லை. குழந்தையின் பொது அனுபவம் அங்கேதான் உருவாகிறது.

பேருந்து தனியே குறிப்பிடத்தக்கது. பள்ளி மாணவர்க்கு இலவசப் பயண அட்டை, 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம், 1931இலேயே கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடத் தொடங்கிய மின்ரயில் ஆகியவை, பெற்றோரின் வண்டியை எதிர்பாராமல் பிள்ளைகள் தாமே போய்வரும் வழியைத் திறந்தன. பதின்மூன்று வயதுப் பெண் தனியே நூலகம் போய்த் திரும்புவது சிறிய செய்தியன்று. ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் அமெரிக்க நகரங்களைப் பற்றி எழுதியபோது, ஆள் நடமாட்டமுள்ள நடைபாதையில் பெற்றோரல்லாத பெரியவர்களும் குழந்தையின் பொறுப்பைச் சிறிதளவு ஏற்கின்றனர் என்று விளக்கினார். மயிலாப்பூரிலோ பெரம்பூரிலோ பெட்டிக்கடைக்காரரும் இஸ்திரி வண்டிக்காரரும் பூ விற்கும் அக்காவும் அந்த வேலையை யாரும் சொல்லாமலே செய்து வருகின்றனர்.

இந்த நன்மைகள் நகரம் தந்தவையா, நகருக்கு வந்த பெற்றோர் தம்மோடு கொண்டுவந்தவையா என்னும் ஐயம் நியாயமானது. 2011இல் சென்னையின் எழுத்தறிவு ஏறத்தாழ 90 விழுக்காடு, மாநிலத்தினது 80 விழுக்காடு என்னும் ஒப்பீடு அந்த ஐயத்தைத் தீர்க்காது. அமெரிக்காவில் 1990களில் ஐந்து பெருநகரங்களில் நடந்த ஒரு குடிபெயர்வுச் சோதனை இங்கு உதவும். வறுமை செறிந்த குடியிருப்புகளிலிருந்து மேம்பட்ட பகுதிகளுக்குச் செல்லக் குலுக்கல் முறையில் சில குடும்பங்களுக்கு உதவி தரப்பட்டது. ராஜ் செட்டியும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட முடிவின்படி, 13 வயதுக்கு முன்பே இடம் மாறிய பிள்ளைகள் இருபதுகளின் நடுவில் ஏறத்தாழ 31 விழுக்காடு கூடுதலாக ஈட்டினர். அந்த வயதைக் கடந்தபின் மாறியவர்களுக்கு அப்பயன் இல்லை. ‘நகரம்’ என்னும் பெயரைவிட, நகரத்துள் எந்தப் பகுதி, எத்தனை ஆண்டுகள் என்பவை முடிவைத் தீர்மானிக்கின்றன.

சென்னையின் பெருங்குறை இங்கேதான் உள்ளது. கூவம் கரையிலிருந்தும் பிற ஆற்றோரங்களிலிருந்தும் வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களில் குடியமர்த்தப்பட்டன. அவை நகரின் மையத்திலிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டரோ அதற்கு மேலோ தொலைவில் உள்ளவை. சில வெளியேற்றங்கள் கல்வியாண்டின் நடுவிலேயே நடந்தன. ஓலைக்கும் தகரத்துக்கும் பதிலாகக் கான்கிரீட் வீடு கிடைத்தது. அதற்கு ஈடாகக் குழந்தை தன் பள்ளியையும், தாய் நடந்து போய் வேலை செய்த வீடுகளையும், தெரிந்த தெருவையும் இழந்தது. முகவரியில் சென்னை இருந்தாலும் நகரத்தின் அருகாமை அக்குழந்தைக்கு இல்லை. மறுமுனையில், பழைய மாமல்லபுரம் சாலையின் மதில் சூழ்ந்த அடுக்ககங்களில் வளரும் வசதியுள்ள பிள்ளையும் வேன், பள்ளி, வளாகம் என்னும் மூன்றுக்குள் அடங்கி, வேறு வகையில் நகரத்தை இழக்கிறது. முன்னது அநீதி, பின்னது தேர்வு. இரண்டையும் ஒன்றாக நிறுக்க முடியாது.

வாகனப் புகை, நடைபாதை ஆக்கிரமிப்பு, எண்ணூர்-மணலி ஆலைகளின் மாசு, திடல் குறைவு ஆகியவை குழந்தைகளின் உடலைத் தாக்குகின்றன என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. இவை அடர்த்தியின் தவிர்க்க முடியாத விலை என்பது ஏற்கத்தக்கதன்று. குடிநீர் ஒருகாலத்தில் குழந்தைகளைக் கொன்றது. மாநகராட்சி அதை மாற்றியது. காற்றும் அவ்வாறு மாற்றப்படக்கூடியதே.

ஆகவே மறுகுடியமர்வுத் திட்டம் ஒவ்வொன்றிலும் வீட்டின் சதுர அடியோடு, எட்டு வயதுக் குழந்தை நடந்தே போகக்கூடிய தொலைவில் பள்ளி, நூலகம், திடல், மருத்துவமனை எவை உள்ளன என்பதும் பதிவாக வேண்டும். அந்தப் பதிவு வெறுமையாக இருக்கும் இடத்துக்கு எந்தக் குடும்பத்தையும் அரசு அனுப்பக் கூடாது.