கன்சோல் விளையாட்டு மாற்றம் (சென்னை)

விளையாட்டின் அடிப்படை நிரலைத் தொடாமல் அதிலுள்ள படம், சட்டை, பெயர், ஒலி ஆகியவற்றை மட்டும் மாற்றி, கன்சோலின் பாதுகாப்புப் பூட்டைத் தாண்டி ஓடவைக்கும் முறை. சென்னையில் இதற்கு நிலைக்களன்களாக இருந்தவை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவும் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய பர்மா பஜாரும். மயிலாப்பூர், தி. நகர், அடையாறு வீடுகளின் கன்சோல்கள் ‘சிப் போட’ ரிச்சி தெருவுக்கே வந்தன.

1990களின் ‘டிவி கேம்’ பெட்டிகள் பெரும்பாலும் நின்டெண்டோ ஃபேமிகாமின் நகல்கள். அமெரிக்காவுக்கான என்இஎஸ் கருவியில் இருந்த பூட்டுச் சில்லு ஃபேமிகாமில் இல்லாததால், கேசட்டில் எதையும் எழுதி விற்க முடிந்தது. ஒரே விளையாட்டு நிறமும் தலைப்பும் மாறித் திரும்பத் திரும்ப வந்தது. முதல் பிளேஸ்டேஷன், வட்டுத் தடத்தின் நெளிவில் பதிந்த நான்கெழுத்துக் குறியைத் தேடியது. சிறு சில்லு ஒன்று அதே குறியை அனுப்பி அதை ஏமாற்றியது.

2000இல் ஜப்பானில் வெளியான பிளேஸ்டேஷன் 2, இவ்வரலாற்றின் பெரும்பகுதியைத் தனதாக்கிக்கொண்டது. வட்டு அசல்தானா என்பதை அது வாசலிலேயே சோதிக்கும். உள்ளே இருக்கும் படக் கோப்புகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பதில்லை. சில்லைப் பற்றவைத்தோ, 2008 முதல் மெமரி கார்டில் ‘ஃப்ரீ மெக்பூட்’ நிறுவியோ வாசலைத் தாண்டிவிட்டால், உள்ளே கைவைக்கலாம். (பிற்கால 90000 வரிசைக் கருவிகள் சிலவற்றில் இந்தக் கார்டு வேலை செய்யாது.)

மாற்றத்துக்கு மிகவும் உகந்ததாக அமைந்தது 2006 நவம்பரில் வந்த இஏ ஸ்போர்ட்ஸ் ‘கிரிக்கெட் 07’. உரிமம் பெறாத இந்திய அணியில் வீரர்களின் பெயர்கள் திரிந்திருந்தன. 2008 ஏப்ரலில் ஐபிஎல் தொடங்கி, சென்னை அணியின் நிறத்தில் சேப்பாக்கம் மைதானம் மஞ்சளானது. ஆனால் இஏ அதன்பின் கன்சோலுக்குக் கிரிக்கெட் விளையாட்டே வெளியிடவில்லை. அந்த மஞ்சள் சட்டையை விளையாட்டுக்குள் ரசிகர்களே தைத்தார்கள். கணினிப் பதிப்பில் இது எளிது. பிளேஸ்டேஷன் 2இல் பொறுமை வேண்டும்: படத்தைப் பெரும்பாலும் 16 அல்லது 256 நிறங்களுக்குள் அடக்க வேண்டும், நிற அட்டவணையின் வரிசையைக் கருவிக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும், புதிய கோப்பு பழையதைவிடப் பெரிதாகக் கூடாது. பல விளையாட்டுகள் கோப்பைப் பெயரால் தேடாமல், 2,048 பைட் கொண்ட வட்டுப் பகுதிகளின் எண்ணால் தேடுவதே காரணம். ஒரு கோப்பு நகர்ந்தாலும் திரை கறுத்துவிடும். 4 மெகாபைட் காட்சி நினைவகத்துக்குள் சட்டையின் மஞ்சளை மங்காமல் காத்தது உண்மையான கைத்திறன்.

சட்டநிலை சர்ச்சைக்குரியது. 2012இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்பை உடைப்போருக்கு இரண்டாண்டு வரை சிறை விதிக்கிறது. விலைக்கு வாங்கிய சொந்த வட்டில் சட்டை நிறத்தை மாற்றுவது ‘அந்த நோக்கம்’ ஆகுமா என்பதில் கருத்து வேறுபடலாம். திருட்டு வட்டு விற்பனை அதில் அடங்கும் என்பதில் ஐயமில்லை. 2005இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் சில்லு தொடர்பான வழக்கில் சோனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பின்னர் அந்நாட்டுச் சட்டம் திருத்தப்பட்டது.

பிளேஸ்டேஷன் 3இன் கையொப்பக் காப்பு 2010 இறுதியில் உடைந்தது. பிந்தைய கருவிகளில் மாற்றம் அரிது. 2014இல் வந்த ‘டான் பிராட்மன் கிரிக்கெட் 14’, வீரர்களையும் அணிகளையும் உருவாக்கிப் பகிரும் வசதியை விளையாட்டுக்குள்ளேயே தந்தது.