தவணையற்ற சிறை: கொட்டியாரக் கைதியும் தீவாந்தரக் கைதியும்

1. வரைவிலக்கணம்

தீவாந்தரத் தண்டனை என்பது, தீர்ப்பின்படி ஒருவரைக் கடல் கடத்தித் தொலைநிலத்தில் வைப்பது. குற்றம், தீர்ப்பு, தவணை ஆகிய மூன்றும் அதன் உறுப்புகள். சிட்னிக்கு அனுப்பப்பட்ட அயர்லாந்துக் கைதிகளுக்குத் தவணை 7 ஆண்டு, 14 ஆண்டு அல்லது ஆயுள். 1802இல் தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டுப் பினாங்கு சென்ற சின்ன மருதுவின் மகன் துரைசாமி ஆயுள் வகையினர். அப்போது அவர் ஏறத்தாழ 15 வயதுச் சிறுவன்.

இம்மூன்று உறுப்புகளும் இல்லாத சிறையைத் 'தவணையற்ற சிறை' என்போம். அதற்குச் சான்று நம் வாசலிலேயே உண்டு. திருகோணமலையின் பாலையூற்றிலிருந்து துறைமுகத்துக்கு இறங்கிப் படகேறினால் எதிர்க்கரை மூதூர். கொட்டியாரக் குடா அங்கேதான்.

2. பிடிபாடு

புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் இக்குடாவில் ஒதுங்கியது. 1660 ஏப்ரலில் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள், கரையிறங்கிய கப்பல் தலைவர் ரொபர்ட் நொக்ஸைப் பிடித்தனர். அதே பெயருடைய மகனுக்கு வயது 19. அவரும் பிடிபட்டார், கப்பலுக்குச் செய்தி சொல்ல அனுப்பப்பட்டபோது தப்பியிருக்கலாம். செய்தியைச் சொல்லிவிட்டுத் தந்தையிடமே திரும்பி வந்தார். எந்தச் சட்ட வகைக்குள்ளும் இதை நம்மால் அடக்க முடியவில்லை.

3. படிநிலைகள்

அயர்லாந்துக் கைதியை முதலில் ஒரு குடியேறியிடம் வேலைக்கு ஒப்படைப்பர், நன்னடத்தைக்கு விடுப்புச் சீட்டு கிடைக்கும், பின்னர் மன்னிப்பு. நொக்ஸின் வாழ்வும் இப்படிகளை ஒத்தே நகர்ந்தது, ஆனால் சீட்டு எழுதித் தர எவருமில்லை. முதலில் ஊரார் முறைவைத்துச் சோறு போட்டனர். ஓராண்டுக்குள் தந்தை காய்ச்சலில் இறந்தார். மகன் தொப்பி பின்னி விற்றார். அப்படிப் பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்துத்தான் ஓர் ஆங்கில வேதாகமத்தை வாங்கினார். நெல்லைக் கடன் கொடுத்து ஆண்டுக்கு ஒன்றுக்கு ஒன்றரையாக வசூலித்தார். கைதி வட்டிக்காரராவது வியப்பாயினும், பிழைக்க வேறு வழி குறைவு. பிறகு ஊரூராகப் பண்டம் விற்றார். அந்த அலைச்சலே வடக்கு வழிகளை அவருக்குப் பழக்கியது. விடுப்புச் சீட்டின் வேலையை விற்பனை மூட்டை செய்தது எனலாம். 1679 அக்டோபரில் தோழர் ஒருவருடன் மல்வத்து ஓயாவைத் தொடர்ந்து நடந்து, ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். 1681இல் இலங்கை பற்றிய அவரது நூல் இலண்டனில் வெளியானது.

4. ஒரு திருத்தம்

மூதூரில் 'வெள்ளைக்காரன் மரம்' எனப்பட்ட புளியின் அடியில் 1893இல் ஒரு கல் நட்டனர். கப்பல் தலைவர் நொக்ஸ் அங்கே பிடிபட்டதையும், நொக்ஸ் 19 ஆண்டு சிறையிருந்ததையும் ஒரே ஆளின் கதைபோல அது சொல்கிறது. மரத்தடியில் பிடிபட்டவர் தந்தை. 19 ஆண்டு இருந்தவர் மகன்.