ஊர் வளர்ச்சியும் ஊரார் விழிப்பும்

முத்துக்குளித்துறை எனப் பெயர் பெற்ற நம் கடற்கரையின் வரலாற்றை எழுதுவோர், கொற்கைப் பாண்டியரையும் போர்த்துக்கீசியரையும் டச்சுக்காரரையும் வரிசையாகக் கூறுவர். வ. உ. சிதம்பரனார் 1906இல் நிறுவிய சுதேசிக் கப்பல் நிறுவனத்தைப் போற்றுவர். 1974இல் திறக்கப்பட்ட புதிய துறைமுகத்தோடு முடிப்பர். இவை யாவும் நாம் கற்க வேண்டியவையே. ஆயினும் வெள்ளிவிழாக் காணும் நம் கழகத்தின் இம்மலரில் அவ்வரலாற்றின் மற்றொரு பக்கத்தை நம் இளைஞர் முன் வைக்க விரும்புகிறோம். ஊரில் எது எங்கே அமைய வேண்டும் என்பதை யார் முடிவு செய்தனர்? அம்முடிவைக் கேள்வி கேட்கும் உரிமை யாரிடம் இருந்தது? நமக்கு அது எவ்வாறு வந்தது? இவையே ஈண்டு நாம் ஆராயும் பொருள்.

முதலில் கடலை நோக்குவோம். ஆங்கிலேயர் ஆட்சியில் முத்துச் சலாபம் அரசின் உடைமையாக இருந்தது. முத்துப்பார்களை அதிகாரிகள் ஆய்ந்து சலாபம் நடைபெறும் நாளை அறிவிப்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நடந்த சலாபங்களில், மூச்சடக்கி மூழ்கியவர் கொணர்ந்த சிப்பிகள் மூன்று கூறாக்கப்பட்டன. அவற்றுள் இரண்டு கூறு அரசுக்கும் ஒரு கூறு குளிப்பவருக்கும் சென்றன. கடலின் ஆழத்தை அறிந்தவன் குளிப்பவன். ஆனால் கடலைப் பற்றிய முடிவில் அவனுக்குக் குரல் இல்லை. 1961ஆம் ஆண்டுச் சலாபத்தோடு அத்தொழிலும் இக்கரையில் நின்றுபோயிற்று.

நிலத்திலும் நிலைமை வேறாக இல்லை. தூத்துக்குடி நகராட்சி 1866இல் தோன்றியது. தொடக்கத்தில் அரசு நியமித்தவர்களே நகராட்சி மன்றங்களில் அமர்ந்தனர். பின்னர்த் தேர்தல் வந்தபோது, வரி செலுத்தும் வசதி படைத்தோருக்கே வாக்குரிமை கிட்டியது. நிலமும் வீடும் இல்லாத நம் முன்னோர் தெருவைப் பெருக்கினர், கழிவை அகற்றினர், உப்பளத்தில் உழைத்தனர், துறைமுகத்தில் மூட்டை சுமந்தனர். தெருவிளக்கு எங்கே நடப்படும், குழாய் எதுவரை வரும் என்று தீர்மானித்த அவைகளில் அவர்களுக்கு இடமில்லை. நாடு விடுதலை பெற்று, வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வந்த பின்னரே அக்கதவு திறந்தது.

உரிமை ஏட்டில் எழுதப்பட்டால் போதுமா? இதற்கு நம் சமுதாய வரலாறே விடை கூறுகிறது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் அளித்த அறிக்கையை ஒட்டி, 1892இல் ஒடுக்கப்பட்டோர்க்கு நிலம் வழங்க அரசு ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என நாம் வழங்கும் அந்நிலங்கள் பிறர் கைக்குப் போகலாகாது என்னும் நிபந்தனையும் விதிக்கப்பட்டது. ஆயினும் பற்பல ஊர்களில் அவை கைமாறிவிட்டன. பொதுச் சாலை, கிணறு, குளம் ஆகியவை அனைவர்க்கும் உரியவை என்ற தீர்மானம் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அதன் பின்னும் எத்தனையோ கிணறுகள் நமக்கு மூடியே இருந்தன.

மராட்டிய நாட்டு மகாத் நகரின் வரலாறு இன்னும் தெளிவானது. அந்நகராட்சி சவுதார் குளத்தை அனைவர்க்கும் திறந்துவிடுவதாக 1924இல் தீர்மானித்தது. மூன்றாண்டுகள் சென்றும் நம் மக்கள் அதில் ஒரு கை நீர் அள்ளவில்லை. 1927 மார்ச் 20ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் மக்களை அழைத்துச் சென்று அந்நீரைப் பருகிய பின்னரே தீர்மானத்துக்கு உயிர் வந்தது. வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றம் வரை சென்று 1937இல் வெற்றியில் முடிந்தது. ஆணையை இடுவது ஆட்சி. அது நடக்கிறதா என்று நின்று பார்க்க வேண்டியவர் ஊரார். மகாத் நமக்குத் தரும் பாடம் இதுவே.

இப்பாடத்தை நம் தூத்துக்குடியே அண்மைக் காலத்தில் மீண்டும் கற்றது. மராட்டிய மாநிலம் இரத்தினகிரியில் அமையவிருந்த ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை அங்கே மக்கள் எதிர்ப்பால் நிறுத்தப்பட்டது. பின்னர் 1994இல் அதற்குத் தூத்துக்குடியில் அடிக்கல் நாட்டினர். 1995 சனவரியில் மத்திய அரசு சுற்றுச்சூழல் அனுமதி வழங்கியபோது, ஊராரைக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. பொதுமக்கள் கருத்துக் கேட்பு 1997 ஏப்ரலில்தான் விதியாயிற்று. கேளாமல் வந்த ஆலையை ஊரார் தாமே கண்காணிக்கத் தலைப்பட்டனர். 1996இல் மீனவர் படகுகளைத் திரட்டிக் கடலில் எதிர்ப்புக் காட்டினர். தூய சுற்றுச்சூழலுக்கான தேசிய அறக்கட்டளை முதலியோர் உயர்நீதிமன்றம் சென்றனர். 1996இல் தொடுத்த வழக்கில் 2010இல் ஆலையை மூடுமாறு தீர்ப்பு வந்தது. 2013 ஏப்ரல் 2ஆம் நாள் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. எனினும் சுற்றுச்சூழலுக்கு விளைந்த கேட்டையும், உரிய இசைவாணையின்றி ஆலை இயங்கிய காலங்களையும் சுட்டி 100 கோடி ரூபாய் செலுத்துமாறு பணித்தது.

ஆலையை விரிவுபடுத்தும் முயற்சியை எதிர்த்து 2018 பிப்ரவரியில் குமரெட்டியாபுரம் மக்கள் போராட்டம் தொடங்கினர். நூறாம் நாளாகிய மே 22 அன்று ஊர்வலம் சென்ற மக்கள்மீது காவல்துறை சுட்டது. துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டனர். பல சாதியினரும் பல சமயத்தினரும் அவர்களுள் இருந்தனர். மறுநாள் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை விரிவாக்கத்துக்குத் தடை விதித்து, பொதுமக்கள் கருத்தைக் கேட்குமாறு ஆணையிட்டது. கேட்க வேண்டியதைக் கேட்குமாறு கூறும் அவ்வாணை, உயிர்கள் போன பின்னரே வந்தது! மே 28இல் தமிழ்நாடு அரசு ஆலையை மூடியது. அம்மூடலை உயர்நீதிமன்றம் 2020இலும் உச்சநீதிமன்றம் 2024 பிப்ரவரி 29இலும் உறுதி செய்தன. ஆலை மூடியதால் வேலை இழந்த குடும்பங்களும் உண்டு என்பதை நாம் மறத்தல் ஆகாது. தொழிலும் வேண்டும், உயிரும் வேண்டும். அடிக்கல் நாட்டுமுன்பே ஊராரைக் கேட்டிருப்பின், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கொடுமை நேர்ந்திராது என்பதே நம் கருத்து.

இன்று சட்டம் நமக்குச் சில கருவிகளைத் தந்துள்ளது. 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள்களுக்கு முன் நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். திட்ட அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் அதனைப் பார்க்கலாம். 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி முழுமைத் திட்ட வரைவு வெளியாகும்போது ஆட்சேபணை தெரிவிக்கலாம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் எந்த அலுவலகத்திலும் ஆவணம் கேட்கலாம். சிற்றூரில் கிராம சபை உண்டு. நகரில் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி வார்டுக் குழுவும் பகுதி சபையும் உண்டு.

இவற்றால் நமக்கு என்ன என்று சிலர் வினவலாம். குப்பைக் கிடங்கும் கழிவுநீர் வாய்க்காலும் எங்கே அமைகின்றன என்று ஊர்தோறும் பாருங்கள். பெரும்பாலும் நம் குடியிருப்பின் அருகிலேயே அமையும். 2023 டிசம்பர் பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. தூத்துக்குடியின் தாழ்ந்த பகுதிகளில் பல நாள்கள் வெள்ளம் வடியாமல் நின்றது. ஓடை எங்கே தூர்ந்தது, எந்தக் கட்டடம் நீரின் வழியை அடைத்தது என்பதை முன்னரே கவனித்து எழுதிக் கேட்போர் ஒவ்வொரு தெருவிலும் வேண்டும். வெள்ளம் முதலில் புகுவது தாழ்வான நிலத்தில் கட்டிய ஏழையின் வீட்டினுள்தான்.

அன்பார்ந்த இளைஞர்களே! நம் பாட்டன்மார்க்கு எழுத்துத் தெரியாது. அதனால் அவர்கள் பெயரால் பிறர் கைநாட்டு வாங்கினர். உங்களுக்கோ எழுத்துத் தெரியும், பட்டமும் உண்டு. அப்படிப்பு ஓர் உத்தியோகத்தைப் பெறுவதோடு நின்றுவிட வேண்டா. தெருவுக்கு இருவர் சேர்ந்து ஒரு குறிப்பேடு வையுங்கள். குடிநீர் வரும் நாள், வாய்க்காலின் நிலை, சுடுகாட்டு நிலத்தின் சர்வே எண், நாளிதழில் வரும் திட்ட அறிவிப்பு ஆகியவற்றை அதில் பதியுங்கள். கூட்டம் அறிவிக்கப்பட்டால் தவறாது செல்லுங்கள். சொன்னதை எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். பிற சமுதாயத்து அண்டை வீட்டாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மாசடைந்த காற்று சாதி பார்த்து வீசுவதில்லை. நம் கழகம் பொன்விழாக் காணும் நாளில் அக்குறிப்பேடுகளே நம் ஊரின் வரலாற்றுக்குச் சான்றாக விளங்கட்டும்.