ஒரே வளாகம், இரு வாயில்கள்

தலைசாய்க்க இடமற்றவனுக்குக் கூரை தருவது அறம். அந்தக் கூரைக்கு ஈடாக அவனிடமிருந்து எதைப் பெறுகிறோம் என்பதும் அறத்தைச் சார்ந்த வினாவே. அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் ஒரே வளாகம் இவ்வினாவுக்கு இரு காலங்களில் இரு விடைகளைத் தந்தது.

1838-இல் ஆங்கிலேய அரசு அயர்லாந்துக்கென ஏழையர் சட்டம் இயற்றியது. அதன்படி எழுந்த ‘ஒர்க்ஹவுஸ்’ எனும் ஏழையர் இல்லங்களுள் வட டப்ளின் இல்லம் 1840-இல் திறக்கப்பட்டது. வெளியே வாழும் கடைநிலைக் கூலியாளின் வாழ்வைவிட உள்ளே இருப்பவன் வாழ்வு மேலானதாக இருந்துவிடக் கூடாது என்பதே அவற்றின் கோட்பாடு. எனவே குடும்பமாக நுழைந்தோர் வாயிலிலேயே பிரிக்கப்பட்டனர். கணவன் ஒருபுறம், மனைவி மறுபுறம், பிள்ளைகள் வேறொருபுறம். சீருடையும் கடின உழைப்பும் விதிக்கப்பட்டன. 1845-இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் வேறு போக்கிடமற்றோர் அங்கே தஞ்சம் புகுந்தனர் என்பது உண்மை. ஆயினும் மக்கள் மனத்தில் அவ்வாயில் அவமானத்தின் சின்னமாகவே நிலைத்தது.

இருபதாம் நூற்றாண்டிலும் நகரின் வறுமை தீரவில்லை. பல்லாயிரம் குடும்பங்கள் பாழடைந்த மாடிவீடுகளில் ஓரறைக்குள் ஒடுங்கி வாழ்ந்தன. 1913 செப்டம்பரில் சர்ச் தெருவில் இத்தகைய வீடுகள் இடிந்து விழுந்து ஏழு பேர் மாண்டனர். துறைமுகத்தில் அன்றாட வேலைக்குக் காத்திருந்த ஆண்களுக்கு, வேலையற்ற நாளின் இரவு தெருவிலேயே கழியும் நிலை இருந்தது. உலகப் போரும், 1922–23 உள்நாட்டுப் போரும் துயரைப் பெருக்கின.

இச்சூழலில்தான் பிராங்க் டஃப் என்ற அரசு அலுவலர், வின்சென்ட் தே பவுல் சபையில் ஏழைகளைச் சந்தித்துப் பழகியவர், 1921 செப்டம்பர் 7 அன்று மரியாயின் சேனையைத் தொடங்கினார். 1927 மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாளன்று, வீடற்ற ஆண்களுக்கான ‘மார்னிங் ஸ்டார்’ விடுதி திறக்கப்பட்டது. மாதா பிரார்த்தனையில் நாம் அன்னைக்குச் சூட்டும் விடியற்கால நட்சத்திரம் என்னும் பெயரே அது. இடமோ, பழைய வட டப்ளின் ஏழையர் இல்லத்தின் வளாகம்!

சுவர்கள் பழையவை, முறை புதிது. சேனையின் சகோதரர்கள் ஊதியமின்றி, விடுதியிலேயே தங்கிப் பணிபுரிந்தனர். பொருளுதவி வழங்குவது சேனையின் விதிக்குப் புறம்பானது. ஆதலால் இயன்றவர்களிடம் சிறு கட்டணம் பெறப்பட்டது. கொடுத்துத் தங்குபவன் இரவலன் ஆவதில்லை. 1930-இல் அருகிலேயே பெண்களுக்கென ‘ரெஜினா சேலி’ இல்லம் எழுந்தது. திருமணமாகாத தாய்மார் தம் குழந்தைகளைப் பிரியாது வளர்க்க அங்கே வழி பிறந்தது. குடும்பங்களைப் பிரித்த வளாகத்திலேயே தாயும் சேயும் சேர்ந்து வாழ்ந்தனர் என்பதை எண்ணும்போது நம் நெஞ்சம் நெகிழ்கிறது.

எனினும் விடுதி வீடாகிவிடாது என்பதையும் நாம் ஏற்க வேண்டும். படுக்கை ஓர் இரவைக் காக்கும். வேலையின்மை, நோய், மதுவின் பிடி, வீட்டுப் பஞ்சம் ஆகியவற்றை அது தானாக நீக்காது. இதை உணர்ந்தே பின்லாந்து நாடு 2008 முதல் முதலில் நிலையான வீடு, பின்னர் பிற உதவிகள் என்னும் வழியைக் கைக்கொண்டு, பழைய தங்குவிடுதிகள் பலவற்றைத் தனிக் குடியிருப்புகளாக மாற்றியது. அதுவும் ஒருவகையில், வறியவனின் மாண்பை வாயிலிலேயே பறிக்காதிருக்கும் முயற்சிதான்.

நம் பங்குகளில் வாரந்தோறும் கூடிச் செபிக்கும் மரியாயின் சேனையை நாம் நன்கறிவோம். அதன் தொடக்க ஆண்டுகளிலேயே பொதுநிலையினர் சிலர் தெருவில் கிடந்தோருடன் ஒரே கூரையின்கீழ் உறங்கினர் என்பதை எத்தனை பேர் அறிவோம்? நம் ஊரின் பேருந்து நிலையங்களிலும் கோயில் வாசல்களிலும் இன்றிரவும் சிலர் படுத்திருப்பர். அவர்களுக்குக் கூரை தேடும்போது, எந்த வாயிலைத் திறக்கப்போகிறோம் என்பதையும் சேர்த்தே சிந்திப்போம்.