சம்பங்கி: இலை மட்டும் வருது, பூ வரலையா? காரணம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது

தேனி மாவட்டத்தில் சீலையம்பட்டி பூ மார்க்கெட்டுக்கு விடிவதற்குள் வந்து சேரும் மூட்டைகளில் சம்பங்கிக்கு எப்போதும் இடமுண்டு. கல்யாண மாலையோ, சாமி மாலையோ, அந்த வெள்ளைப் பூ இல்லாமல் மாலை கட்டுபவருக்கு வேலை ஓடாது. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் பக்கம் பல வீடுகளில் வாசல் ஓரத்திலும் இந்தச் செடியைப் பார்க்கலாம்.

ஆனால் வீட்டில் வளர்ப்பவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் ஒன்று உண்டு. "முதல் வருஷம் நல்லா பூத்துச்சு. இப்போ புல் மாதிரி இலை மட்டும்தான் வருது." இது ஏன்? என்ன செய்தால் மறுபடி பூக்கும்?

சம்பங்கி என்பது எந்தப் பூ?

பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. கர்நாடகாவில் 'சம்பிகே' என்றால் அது செண்பக மரத்தின் பூ. நம் ஊரில் சம்பங்கி என்பது கிழங்கிலிருந்து முளைக்கும் செடி. மரத்துப் பூவிலிருந்து பிரித்துச் சொல்ல 'நிலச்சம்பங்கி' என்றும் அழைப்பார்கள். வட இந்தியாவில் இதுதான் 'ரஜனிகந்தா'.

இதன் சொந்த ஊர் மெக்சிகோ. ஆனைக்கற்றாழைக்கு நெருங்கிய உறவு. தரையோடு புல் போன்ற இலைகள் இருக்க, நடுவிலிருந்து சுமார் மூன்று அடி உயரத்துக்குப் பூத்தண்டு எழும்பும். மொட்டுகள் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக விரியும். பொழுது சாய்ந்த பிறகு வாசனை கூடும், ஏனென்றால் இது இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளை அழைக்கும் பூ.

பூக்காமல் போவதற்கு முக்கியக் காரணம் என்ன?

ஒரு கிழங்கு ஒரு முறைதான் பூக்கும். நட்ட கிழங்கு பூத்தண்டு விட்டதும் அதன் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு பூப்பவை, அதைச் சுற்றி முளைக்கும் குட்டிக் கிழங்குகள். அதனால்தான் ஒரே குத்தில் தொடர்ந்து பூ வருவது போலத் தெரிகிறது.

வருஷம் போகப் போக குட்டிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொள்ளும். இடமும் சத்தும் போதாமல் எல்லாமே சிறுத்துவிடும். சின்னக் கிழங்கு இலை விடும், பூத்தண்டு விடாது. உரத்தை அள்ளிப் போட்டாலும் தண்ணீரைக் கூட்டினாலும் இது சரியாகாது. தோண்டிப் பிரிப்பதுதான் வழி.

எப்போது, எப்படிப் பிரிப்பது?

மூன்று வருஷத்துக்கு ஒரு முறை பிரித்து நட வேண்டும்.

கோடையில் தண்ணீர் விடுவதை நிறுத்துங்கள். இலைகள் மஞ்சளாகி வாடியதும் குத்தை முழுசாகத் தோண்டி எடுத்து, மண்ணை உதறி, கிழங்குகளைத் தனித்தனியாகப் பிரியுங்கள். அழுகியதையும் காயம்பட்டதையும் தள்ளிவிடுங்கள். மீதியை நிழலில், காற்றோட்டமான இடத்தில் ஒரு மாதம் ஆற விட வேண்டும். எடுத்த கையோடு நடக் கூடாது.

ஜூன், ஜூலை நடவுக்கு ஏற்ற மாதங்கள். வழக்கமான வருஷத்தில் பள்ளத்தாக்கின் முதல் போகத்துக்கு பெரியாறு தண்ணீர் திறக்கும் காலமும் இதுதான். 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்கை நட்டால் ஏறக்குறைய மூன்று மாதத்தில் பூ பார்க்கலாம். சின்னதை வீச வேண்டாம். தனிப் பாத்தியில் நட்டு வையுங்கள், பெருத்த பிறகு பூக்கும்.

நடவு முறை என்ன?

வரிசைக்கு வரிசை 45 செ.மீ., கிழங்குக்குக் கிழங்கு 20 செ.மீ. இடைவெளி. ஆழம் 2.5 செ.மீ. போதும். மட்கிய தொழுவுரம் கலந்த, தண்ணீர் தேங்காத மண் வேண்டும். நெல் வயலை ஒட்டிய வீடாக இருந்தால் பாத்தியை மேடாகப் போடுவது நல்லது, தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகிவிடும். மழை இல்லாவிட்டால் வாரம் ஒரு முறை தண்ணீர் போதும்.

வெயில் அவசியம். தினமும் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் படாத இடத்தில் இலைதான் வளரும்.

கம்பம் பள்ளத்தாக்கில் இன்னொரு சிக்கல் காற்று. தென்மேற்குப் பருவத்தில், குறிப்பாக ஆடியில், மேற்கிலிருந்து அடிக்கும் காற்று உயர்ந்த தண்டுகளைச் சாய்த்துவிடும். மேற்குப் பக்கம் சுவரோ வேலியோ உள்ள இடமாகப் பாருங்கள். செடியின் அடியில் மண் அணைத்து விடுங்கள். ஒற்றை வரிசையாக நடுவதை விட நாலைந்து வரிசையாக நட்டால் ஒன்றுக்கொன்று தாங்கும்.

ஒற்றை அடுக்கா, பல அடுக்கா?

வாசனைக்கும் மாலைக்கும் ஒற்றை அடுக்கு. பூச்சாடியில் வைக்க பல அடுக்கு. பெங்களூருவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ரகங்களில் பிரஜ்வல், ஷ்ருங்கார் ஒற்றை அடுக்கு. சுவாசினி, வைபவ் பல அடுக்கு. வாங்கும்போதே எது என்று கேட்டு வாங்குங்கள், கிழங்கைப் பார்த்து அடையாளம் காண முடியாது.

பிரித்து நட்டும் பூக்கவில்லை என்றால்?

ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. தக்காளி, கத்தரி, வெண்டை, வாழை வேர்களிலும் இது வாழும். பள்ளத்தாக்கில் இந்தப் பயிர்கள் அதிகம் என்பதால் அவை இருந்த இடத்திலேயே சம்பங்கியை நடுவது ஆபத்து.

அந்தப் பாத்தியில் ஒரு பருவம் செண்டுமல்லி போடுங்கள், வேப்பம் புண்ணாக்கு இடுங்கள். ஷ்ருங்கார் ரகம் இந்த நூற்புழுவைத் தாங்கக்கூடியது. முடிச்சு விழுந்த செடியின் கிழங்கை அக்கம்பக்கத்தில் யாருக்கும் கொடுக்காதீர்கள், புழுவும் சேர்ந்தே போகும். சந்தேகம் இருந்தால் வேரையும் கொஞ்சம் மண்ணையும் எடுத்துக்கொண்டு பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலோ காமாட்சிபுரம் வேளாண் அறிவியல் மையத்திலோ காட்டி ஆலோசனை கேட்கலாம்.

எப்போது பறிப்பது?

மாலைக்கு என்றால் வெயில் ஏறும் முன், அதிகாலையில் பறிக்க வேண்டும். பூச்சாடிக்கு என்றால் அடியில் ஒன்றிரண்டு பூ விரிந்ததும் தண்டோடு வெட்டலாம், மீதி மொட்டுகள் வீட்டுக்குள்ளேயே விரியும். பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டிவிடுங்கள். இலையை மட்டும் வெட்டாதீர்கள். அடுத்து பூக்கப்போகும் குட்டிக் கிழங்குக்குச் சாப்பாடு அங்கிருந்துதான் போகிறது.