பாரம் சுமந்த உடலும் பட்டம் வென்ற உடலும்: ஜான் டேவிஸ் (1921–1984)



நினைவுச் சொற்பொழிவு என்றால் தலைவர்களைப் பற்றியோ எழுத்தாளர்களைப் பற்றியோ பேசுவதுதான் நம்மிடையே வழக்கம். இந்த ஆண்டு ஒரு பளுதூக்கும் வீரரைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தோம். மூட்டை சுமந்த, கல் உடைத்த, பிணம் தூக்கிய உடல்களின் பிள்ளைகள் நாம். ‘உங்களுக்கு உடம்பில்தான் பலம்’ என்று சொல்லியே நம் தலையில் பாரத்தை ஏற்றினார்கள். அதே பலம் பதக்கம் வாங்கும்போது அவர்கள் என்ன செய்வார்கள்? அமெரிக்கக் கருப்பினத்தவரான ஜான் ஹென்றி டேவிஸின் வாழ்க்கையில் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

1921 ஜனவரி 12 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஸ்மித்டவுனில் பிறந்தார். புரூக்ளினில் வளர்ந்தார். ஜான் ஹென்றி என்பது கருப்பின மக்களின் வாய்மொழிக் கதைகளில் வாழும் ஒரு தொழிலாளியின் பெயரும்கூட. ரயில் சுரங்கம் வெட்டும் வேலையில் நீராவி இயந்திரத்தோடு போட்டியிட்டு, அதை வென்று, கையில் சம்மட்டியோடு செத்து விழுந்தவன் அவன். அடிமை முறை ஒழிந்த பிறகும் உழைத்தே சாகும்படி விதிக்கப்பட்ட ஒரு சமூகம் தன் நாயகனுக்கு வைத்த பெயர் அது.

டேவிஸ் பளுதூக்கத் தொடங்கியது பதின்பருவத்தில். 1938 அக்டோபரில் வியன்னா உலகப் போட்டியில் 82.5 கிலோ எடைப்பிரிவில் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 17. அந்த இடத்தையும் காலத்தையும் கவனிக்க வேண்டும். அந்த ஆண்டு மார்ச்சில்தான் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவை விழுங்கியது. போட்டி முடிந்து சில வாரங்களில், நவம்பர் 9-10 இரவில், அதே வியன்னாவில் யூதர்களின் வழிபாட்டிடங்கள் எரிக்கப்பட்டன. இனத்தூய்மை பேசிய அரசின் கொடிக்குக் கீழே ஒரு கருப்பினச் சிறுவன் தன் எடைப்பிரிவில் உலக வாகையாளன் என்று அறிவிக்கப்பட்டான்.

ஆனால் வெற்றி வாதத்தை முடித்துவிடவில்லை. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் நான்கு தங்கம் வென்றதும், கருப்பினத்தவரின் எலும்பும் தசையும் வேறு மாதிரி, அதனால்தான் வெல்கிறார்கள் என்றொரு ‘அறிவியல்’ கிளம்பியது. ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் கருப்பின உடற்கூறியல் அறிஞர் மாண்டேக் காப், ஓவன்ஸின் காலையே அளந்து பார்த்து, அதே 1936இல் இந்தக் கதையை மறுத்து எழுதினார். நாம் இதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். தோற்றால் தகுதி இல்லை என்பார்கள். வென்றால் அது பிறவிக்குணம், உழைப்போ அறிவோ அல்ல என்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் பிறப்புதான் காரணம். இந்தத் தர்க்கம் நமக்குப் புதிதல்ல.

டேவிஸின் தூக்குமுறையைப் பார்த்தால் இந்தப் பொய் விளங்கும். அப்போது போட்டி பிரஸ், ஸ்னாட்ச், க்ளீன் அண்ட் ஜெர்க் என்று மூன்று தூக்குகளைக் கொண்டது. மூன்றிலும் நுட்பம் வேண்டும். 1949இல் பாரிஸில் ‘அப்போலான் சக்கரங்கள்’ என்ற பழைய ரயில் சக்கர ஜோடியை அவர் தலைக்கு மேல் தூக்கினார். எடை சுமார் 166 கிலோ. பிடிக்கும் தண்டு மிகத் தடிமன். கைக்குள் சுழலவும் செய்யாது. டேவிஸ் ஒரு கையைத் திருப்பிப் பிடித்து இழுத்து, சக்கரம் மேலே வரும் கணத்தில் அந்தக் கையை விட்டுப் புரட்டிப் பிடித்தார். இது வெறும் தசையின் வேலை அல்ல. கணக்கிட்டுச் செய்த வேலை.

1940, 1944 ஒலிம்பிக்குகளைப் போர் விழுங்கியது. அப்போது அவருக்கு வயது 19, 23. போரின்போது அவர் பசிபிக் பகுதியில் ராணுவப் பணி செய்தார். வெள்ளையருக்கு ஒரு பிரிவு, கருப்பினத்தவருக்கு ஒரு பிரிவு என்று பிரிக்கப்பட்டிருந்த ராணுவம் அது. அதை ஒழிக்கும் ஆணையில் ட்ரூமன் கையெழுத்திட்டது 1948 ஜூலை 26. லண்டன் ஒலிம்பிக் தொடங்கியது ஜூலை 29. அங்கே டேவிஸ் மொத்தம் 452.5 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 1951இல் அமெச்சூர் போட்டியில் 400 பவுண்டுக்கு மேல் க்ளீன் அண்ட் ஜெர்க் செய்த முதல் மனிதர் ஆனார். 1952 ஹெல்சிங்கியில் 460 கிலோவோடு மீண்டும் தங்கம். அங்கே வெள்ளி வென்ற ஜேம்ஸ் பிராட்ஃபோர்டும் கருப்பினத்தவரே. தங்கள் பிள்ளைகள் வெள்ளையரோடு ஒரே பள்ளியில் உட்கார உச்சநீதிமன்றத் தீர்ப்புக்கு இன்னும் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டிய மக்களின் பிரதிநிதிகள், பதக்க மேடையின் முதல் இரண்டு படிகளில் நின்றார்கள்.

1938 முதல் 1953 வரை டேவிஸ் தோற்கவே இல்லை. ஆறு உலகப் பட்டங்கள், இரண்டு ஒலிம்பிக் தங்கங்கள். பிழைப்புக்கு? நியூயார்க்கில் சிறைக் காவலர் வேலை. விளையாட்டில் காசு வாங்கக்கூடாது என்ற அமெச்சூர் விதி, வசதி உள்ளவர்கள் தங்களுக்காக எழுதிக்கொண்டது. அது டெட்ராய்ட்டின் வெள்ளைத் தொழிலாளி நார்பர்ட் ஷெமான்ஸ்கியையும் வறுமையில் வைத்தது. வர்க்கம் இருவரையும் அழுத்தியது. டேவிஸின் மேல் நிறமும் சேர்ந்து அழுத்தியது. 1955இல் ஜார்ஜியாவைச் சேர்ந்த வெள்ளையர் பால் ஆண்டர்சன் மாஸ்கோவில் பளு தூக்கியதும் அமெரிக்கா அவரைத் தேசிய நாயகனாகத் தலையில் வைத்துக் கொண்டாடியது. டேவிஸோ 1946இலேயே பாரிஸில் சோவியத் வீரர் குட்சென்கோவை வென்றவர். இன்று இந்த இருவரில் யார் பெயர் அதிகம் நினைவில் இருக்கிறது?

1953இல் ஸ்டாக்ஹோமில் கனடாவின் டக் ஹெப்பர்னிடம் தோற்றார். வளைந்த பாதத்தோடு பிறந்து, ஏளனத்தைத் தாண்டி வந்தவர் ஹெப்பர்ன். டேவிஸ் 1984 ஜூலையில் புற்றுநோயால் இறந்தார்.

டேவிஸ் பாரிஸில் வென்ற அதே 1946இல், ஐ.நா.விடம் கருப்பின மக்கள் அளித்த மனுவின் படியைக் கேட்டு பாபாசாகேப் அம்பேத்கர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அவர்களது போராட்டத்திலிருந்து நாம் கற்க வேண்டும் என்ற நினைப்பு அந்தக் கடிதத்துக்குப் பின்னால் இருந்தது. டேவிஸிடமிருந்து நாம் கற்பது இது: ஒருவர் வெல்வதால் மட்டும் அமைப்பு மாறாது. வென்றவரை அது விதிவிலக்காக ஒதுக்கி வைக்கும், பிறகு மறந்தும் விடும். எனவே நினைவில் வைப்பதும் போராட்டத்தின் ஒரு பகுதிதான்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் இளவட்டக்கல் இருந்தால் பெரியவர்களிடம் கேளுங்கள். அதைத் தொட யாருக்கு உரிமை இருந்தது? யார் தூக்கியதாகப் பெயர் சொல்கிறார்கள்? சேரியில் தூக்கியவர் ஒருவரும் இல்லையா, அல்லது அவர் பெயரைச் சொல்ல ஆள் இல்லையா? கிடைக்கும் பெயர்களை எழுதி வையுங்கள். நம் மக்கள் தூக்கிய பாரங்களின் வரலாற்றை நாம்தான் எழுத வேண்டும்.

ஜெய்பீம்.